சிலம்பத்தோடு குங்ஃபூவும் கற்றுக்கொடுக்கப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

சொந்தமாக வகுப்பு தொடங்கப் போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. உன் அப்பாவிடம் கற்ற சிலம்பமும் என்னிடம் கற்ற விங் சுன் என்கிற குங்ஃபூ பாணியும் ஒரே கூரையின் கீழ் வரப்போகின்றன. நீ அனுப்பிய கால அட்டவணையையும் பார்த்தேன். முதல் 20 நிமிடம் சிலம்பம், அடுத்த 20 நிமிடம் குங்ஃபூ, கடைசி 20 நிமிடம் கராத்தே கட்டா, அதாவது தனியாகச் செய்யும் அசைவுத் தொடர். "எல்லாத்தையும் கலந்து கொடுத்தாத்தான் பிள்ளைங்க வருவாங்க மாஸ்டர்" என்று எழுதியிருக்கிறாய். இதே கேள்வியை இன்னும் சிலரும் என்னிடம் கேட்டுக்கொண்டிருப்பதால், பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சிலம்பம் மட்டும் கொடு. குங்ஃபூ அப்புறம் வரட்டும். குங்ஃபூ சொல்லிக்கொடுத்தே வாழ்கிற நான் இப்படிச் சொல்வது உனக்கு ஆச்சரியமாக இருக்கும். உன் கையையே கேட்டுப் பார், அதற்குக் காரணம் தெரியும்.

சிலம்பக் கம்பு ஆளின் நெற்றி உயரம். சீனாவிலும் புருவ உயரத்துக்கு ஒரு கம்பு உண்டு, அதைக் கையில் வாங்கினால் உனக்கு அந்நியமாகவே இருக்காது. விங் சுன்னின் கோல் அப்படிப்பட்டதில்லை. எட்டு ஒன்பது அடி நீளம், அடி தடித்து நுனி மெலிந்திருக்கும். பின்கை அடிக்கட்டையை இடுப்போடு சேர்த்துப் பிடிக்க, முன்கை தோள் அகலம் தள்ளிப் பிடிக்கும். ஆறரைப் புள்ளிக் கோல் என்று பெயர். அடிப்படை அசைவுகளே அவ்வளவுதான். கோல் சுழலாது. மணிக்கட்டைப் பூட்டி, இடுப்பையும் காலையும் ஒன்றாக்கிக் குத்தினால், குத்து போய்ச் சட்டென்று நிற்க வேண்டும், நின்ற இடத்தில் நுனி அதிர வேண்டும். சிலம்பத்தில் மணிக்கட்டுதான் உயிர். ஒரு வீச்சு முடிகிற இடத்திலேயே அடுத்த வீச்சுக்கு வேகம் பிறந்துவிடும், நிறுத்தினால் எல்லாம் போயிற்று. காலடியும் ஓரிடத்தில் தங்காது. கோலுக்கோ தொடை நடுங்கும்வரை குதிரை நிலையில் உட்கார வேண்டும்.

ஒரே மணி நேரத்துக்குள் இரண்டையும் கேட்டால் பத்து வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு எதைக் கேட்கும்? வீச்சு பாதியில் திக்கும், குத்து பாதியில் சுழலப் பார்க்கும். நீ என்னிடம் வந்த புதிதில் உனக்கும் அப்படித்தான் ஆனது. ஆனால் சீக்கிரமே சரியாகிவிட்டது. நீ வரும்போதே உன் சிலம்பம் முற்றியிருந்தது. "இங்கே மணிக்கட்டை அடக்கு" என்று நான் சொன்னபோது அடக்குவதற்கு உன்னிடம் ஒன்று இருந்தது. ஒன்றுமே படியாத கைக்கு அந்தப் பேச்சு புரியாது.

விங் சுன்னுக்குள்ளேயே இதற்குச் சான்று இருக்கிறது. விங் சுன் ஆசான் இப் மேன் எழுதி வைத்த மரபுக் கதையை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சிவப்புப் படகுகளில் ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட கான்டனீஸ் ஓபரா குழுவில் வோங் வா-போ, லியூங் யீ-தை என்று இரண்டு பேர். முதலாமவருக்கு வெறுங்கைச் சண்டைக் கலை தெரியும், மற்றவருக்குக் கோல் தெரியும். ஒருவருக்கொருவர் மாற்றிக் கற்றுக்கொண்டார்கள். இது மரபுக் கதை, வரலாறு என்று நான் சாதிக்க மாட்டேன். அந்த மாற்றத்தின் தடம் பயிற்சியில் இன்றும் எப்படி நிற்கிறது என்று பார். கைப்பயிற்சியில் நிலை உயர்ந்து குறுகியிருக்கும், நெஞ்சு எதிராளியைப் பார்த்திருக்கும். கோலை எடுத்தால் நிலை அகன்று தாழ்ந்துவிடும், உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிடும். இத்தனை தலைமுறைக்குப் பிறகும் ஒன்றை மற்றதில் யாரும் கரைக்கவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் கோல் வருவதும் சியு நிம் தாவ், சம் கியு, பியு ஜீ என்கிற வெறுங்கைத் தொடர்கள், மரப்பொம்மைப் பயிற்சி எல்லாம் கடந்த பிறகுதான்.

பல கலைகளை ஒரே இடத்தில் கற்பிப்பது நம் காலத்து யோசனை என்று நினைத்துவிடாதே. 1910-ல் ஷாங்காயில் ஹுவோ யுவான்ஜியா என்கிற குங்ஃபூ ஆசானின் பெயரோடு ஜிங்வூ பள்ளி தொடங்கியது. அவர் அந்த வருடமே இறந்துவிட்டார், பள்ளி வளர்ந்தது. கழுகுநகப் பாணிக்கு சென் ஜிஜெங், கும்பிடுபூச்சிப் பாணிக்கு லுவோ குவாங்யு, சிங்-யீக்கு கெங் சியாகுவாங் என்று தனித்தனி மரபுகளின் ஆசான்கள் ஒரே நிறுவனத்தில் கற்பித்தார்கள். ஆனால் புதிதாகச் சேர்ந்தவன் நேரே கும்பிடுபூச்சியிடம் போக முடியாது. எல்லோருக்கும் பொதுவாகப் பத்து அடிப்படைத் தொடர்கள் இருந்தன. தான் துய் என்கிற உதைத் தொடரில் ஆரம்பித்து, வெறுங்கை, கம்பு, வாள், ஈட்டி, இருவர் பயிற்சி என்று போகும். அதெல்லாம் உடம்பில் ஏறிய பிறகே தனிப்பாணி. 1920-களில் இந்த அமைப்பு தென்கிழக்காசியாவுக்கும் பரவியது. கோலாலம்பூரில் 1953-ல் திறந்த அதன் சின் வூ அரங்கம் இன்றும் நிற்கிறது.

ஜிங்வூவின் பத்துத் தொடர்கள் செய்த வேலையை உன் வகுப்பில் சிலம்பம் செய்யட்டும். சிலம்பத்தின் காலடி படிந்த பிள்ளைக்குக் குங்ஃபூ சொல்லிக்கொடுப்பது எனக்கே சுலபம், உனக்கு இன்னும் சுலபம். சிலம்பம் உனக்கு ரத்தத்தில் இருக்கிறது, பிள்ளைகளின் தவறு உன் கண்ணுக்கு முதல் அசைவிலேயே தெரிந்துவிடும். உன் விங் சுன் நல்ல விங் சுன், ஆனால் கற்பிப்பவளாக அதில் நீ இன்னும் வளர வேண்டும். அந்த ஒரு வருடத்தில் அதுவும் நடக்கும்.

இரண்டாம் வருடத்திலிருந்து குங்ஃபூவுக்குத் தனி நாள் வை. திங்களும் புதனும் சிலம்பம் என்றால் வெள்ளி குங்ஃபூ. அதற்காக "சிலம்பப் பிள்ளைகள்", "குங்ஃபூ பிள்ளைகள்" என்று இரண்டு கூட்டம் உருவாக விட்டுவிடாதே. 1928-ல் நான்ஜிங்கில் சீனத் தற்காப்புக் கலைகளுக்கான மத்திய குவோஷு கழகத்தைத் தொடங்கியபோது ஷாவோலின், வூடாங் என்று கலை மரபின்படி இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். போட்டியும் பொறாமையும் முற்றி, கொஞ்ச காலத்திலேயே அந்தப் பிரிவினையைக் கலைக்க வேண்டி வந்தது. நாட்கள் தனியாக இருக்கட்டும், பிள்ளைகள் ஒரே பிள்ளைகளாக இருக்கட்டும்.

குங்ஃபூ சேர்ந்தால் சிலம்பம் கெட்டுவிடும் என்று அப்பா கவலைப்படுவதாக எழுதியிருந்தாய். அவர் கவலையில் நியாயம் இருக்கிறது, மரியாதையோடு கேட்டுக்கொள். கூடவே இந்தக் கதையையும் அவரிடம் சொல். 1561-ல் யூ டாயூ என்கிற மிங் வம்சத் தளபதி ஷாவோலின் மடத்துக்குப் போனார். அவர் கம்பில் பெரிய கை. அங்கே துறவிகளின் கம்பாட்டத்தைப் பார்த்துவிட்டு, பழைய நுட்பம் கைவிட்டுப் போயிருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னார். மடம் கோபித்துக்கொள்ளவில்லை. கற்றுக்கொடுங்கள் என்று கேட்டு, இரண்டு இளம் துறவிகளை அவரோடு தெற்கே அனுப்பியது. மூன்று வருடத்துக்கு மேல் அவரிடம் கற்றுக்கொண்டு, மடத்துக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இதைத் தளபதியே எழுதி வைத்திருக்கிறார். கம்புக்கே பேர்போன ஷாவோலின் வெளியாளிடம் கற்றுக்கொண்டது, அதன் கம்பு கெட்டுப்போகவில்லை. தன் கலையை நன்றாக அறிந்தவர்கள் போனார்கள், திரும்பி வந்தார்கள். அப்பாவே ஒரு நாள் உன் கோலைப் பிடித்துப் பார்க்கட்டும். அவருக்கு அது பிடிக்கும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

புரூஸ் லீயே எல்லாவற்றையும் கலந்தாரே என்று உன்னிடம் நிறைய பேர் கேட்பார்கள். அவர் ஹாங்காங்கில் இப் மேனின் பள்ளியில் விங் சுன் கற்ற பிறகுதான் வாள்வீச்சிலிருந்தும் குத்துச்சண்டையிலிருந்தும் எடுத்துக்கொண்டார். 1967-ல் தன் முறைக்கு ஜீத் குன் டோ என்று பெயர் வைத்தவர், 1970-ல் தன் பள்ளிகளையே மூடிவிட்டார். தன் வழியைப் பிள்ளைகள் சூத்திரமாக மனப்பாடம் செய்துவிடுவார்கள் என்று பயந்தார். அவருடைய சீடர் டான் இனோசான்டோ கற்பிக்கிற விதத்தைப் பார். பிலிப்பைன்ஸின் காளி, மலாய் சிலாட், தாய்லாந்துக் குத்துச்சண்டை எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கிறார். ஒவ்வொன்றையும் அதன் பெயரோடு, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லித்தான் கொடுக்கிறார். உன் வகுப்பிலும் இது இருக்கட்டும். "இது அப்பா சொல்லிக்கொடுத்தது, இது விங் சுன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்.

கராத்தே கட்டாவை அட்டவணையிலிருந்து எடுத்துவிடு. பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் கற்றதை வைத்து அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. கராத்தே வகுப்பிலிருந்து வருகிற பிள்ளைகளை மட்டும் அன்போடு சேர்த்துக்கொள். அவர்கள் கலைக்கும் நம் கலைக்கும் உறவு உண்டு. கோஜூ-ரியூ என்கிற கராத்தே பிரிவில் கற்ற பிள்ளை வந்தால் சான்சின் கட்டாவைச் செய்யச் சொல்லிப் பார். மூடிய முஷ்டியோடு செய்வான். உவேச்சி-ரியூ என்கிற இன்னொரு பிரிவில் அதே சான்சினைத் திறந்த கையோடு செய்வார்கள். இரண்டு மரபும் சீனாவின் ஃபூஜோவுக்குப் போய்க் கற்று வந்த, ஜப்பானின் ஒகினாவா தீவுக்காரர்களின் வழியில் வந்தவை. அந்தப் பிள்ளையின் கட்டாவைத் திருத்தாதே. அவனுடைய நிலை ஏற்கனவே வேரூன்றியிருக்கும், அதை வைத்தே தொடங்கலாம்.

பெல்ட் விஷயம். எத்தனை மாதத்தில் பிளாக் பெல்ட் என்று பெற்றோர் கேட்பார்கள். சிலம்பத்துக்கும் பழைய குங்ஃபூவுக்கும் அது கிடையாது என்று பணிவாகச் சொல்லிவிடு. சிலர் போய்விடுவார்கள், போகட்டும்.

துண்டறிக்கையில் "குங்ஃபூவின் தாய் காஞ்சிபுரம்" என்று போட்டிருக்கிறாய். அந்த வரியை எடுத்துவிடு, தங்கச்சி. போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று சில பழைய சீன நூல்கள் சொல்கின்றன, அதில் நமக்குப் பெருமைதான். ஆனால் அவர் சண்டை கற்றுக்கொடுத்தார் என்ற பேச்சு பல நூற்றாண்டு கழித்து வந்தது. ஷாவோலினில் 728-ல் நட்ட கல்வெட்டு, 621-ல் தாங் வம்ச இளவரசனுக்காகத் துறவிகள் போரிட்டதைச் சொல்கிறது. போதிதர்மருக்கும் அந்தச் சண்டைக்கும் எந்தத் தொடர்பையும் சொல்லவில்லை. போதிதர்மர் பெயரில் உலவும் தசைநார்ப் பயிற்சி நூல் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சிலம்பம் தன் காலில் நிற்கிற கலை. இன்னொரு நாட்டுக் கலைக்குத் தாய் என்று சொல்லி அதற்கு மதிப்பு தேட வேண்டியதில்லை. ஒரு சீன ஆசான் உன் வகுப்புக்கு வந்து அந்த அறிக்கையை யாராவது படித்துச் சொல்லக் கேட்டால், உனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது.

கலப்பு எங்கே நடக்கும் என்றால், சண்டையில். இரண்டாம் வருடத்தின் பாதியில் மாதம் ஒரு நாள் ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை வை. பஞ்சு சுற்றிய கம்பு, கம்பி முகக்கவசம், கையுறை. சிலம்பப் போட்டியைப் போலத் தொட்டால் புள்ளி என்றே விதி இருக்கட்டும். அன்றைக்கு மட்டும் எந்தக் கலை என்று யாரையும் கேட்காதே. சுழன்று வந்த கம்பு திடீரென்று நின்று நேரே குத்தாக வரும். அதை நீ சொல்லிக்கொடுத்திருக்க மாட்டாய், பிள்ளை தானே கண்டுபிடித்திருப்பான். அந்த நேரத்தில் மட்டும் நிறுத்தி, என்ன செய்தான் என்று அவனையே சொல்லச் சொல். வெறுங்கைக்கு அவசரப்படாதே. சீனச் சண்டைப் போட்டியான சான்டாவில் வருகிற மாதிரி உதையைப் பிடித்துத் தள்ளுவதெல்லாம் நல்ல பாய் வாங்கிய பிறகு, விழக் கற்றுக்கொடுத்த பிறகு.

கோல் வாங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிள்ளைகளுக்கு எட்டடி வேண்டாம், முன்தோள் கெட்டுவிடும். ஆறடியில் தொடங்கலாம். அடி தடித்து நுனி மெலிந்த, முடிச்சில்லாத மரமாகப் பார். மரக்கடையில் ஒவ்வொன்றையும் தூக்கி, நீட்டிப் பிடித்து, நுனி தொங்குகிறதா என்று பார்த்து வாங்கு. முகக்கவசம் இங்கே என்னிடம் கூடுதலாக இருக்கிறது, அடுத்த மாதம் வரும்போது எடுத்துப் போ. அப்பாவையும் அழைத்து வா.

அன்புடன்,
உன் மாஸ்டர்