எங்கள் மேசையின் விதிகளுக்கும் இடம் கொடுங்கள்

டேபிள்டாப் ரோல்ப்ளேயிங் கேம்களுக்கு டிஜிட்டல் கருவிகள் உருவாக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதை வளர்த்து ஆடும் விளையாட்டு நம்முடையது. அதன் கேரக்டர் ஷீட் (கதாபாத்திரத்தின் விவரத்தாள்), வரைபடம், பகடை, விதிப்புத்தகம் எல்லாவற்றையும் ஒரே திரைக்குள் கொண்டுவந்தவர்கள் நீங்கள். ஆளுக்கொரு ஊரில் இருக்கும் நாங்கள் ஐந்து பேர் ஒரே கேம்பெயினை, அதாவது ஒரே தொடர்கதையை, ஆறு வருடமாக விடாமல் ஆடிவருகிறோம் என்றால், அதில் உங்கள் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றே ஒன்று. நாங்கள் எழுதும் விதிகளை, ஹோம்ப்ரூ என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே அதை, உங்கள் கருவி விதியாகவே மதிக்க வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். கிளாஸ் என்பது கதாபாத்திரத்தின் தொழில் வகை, சப்கிளாஸ் அதன் உட்பிரிவு. எங்கள் குழுவில் ஒருவர் ஆடும் சப்கிளாஸின் பெயர் கடன்காரன். நான் எழுதியது. கதைப்படி அவன் ஒரு பழைய தெய்வத்திடம் கைமாற்று வாங்கிப் பிழைப்பவன். பகடை கைவிட்ட நேரத்தில் கூடுதலாக ஓர் ஆறுமுகப் பகடையை உருட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் கடன் ஒன்று ஏறும். தூங்கி எழுந்தாலும் அது குறையாது. பத்தைத் தொட்டால் தெய்வம் வசூலுக்கு வந்து நிற்கும். மொத்த விதியும் அரைப் பக்கம்தான்.

இதைக் கருவியில் ஏற்ற உட்கார்ந்தேன். எண்ணிக்கை வைக்க இடம் இருந்தது. ஆனால் அந்தக் கருவிக்குத் தெரிந்த எண்ணிக்கை ஒரே வகை: செலவானால் குறையும், லாங் ரெஸ்ட் (கதாபாத்திரத்தின் நீண்ட ஓய்வு) எடுத்தால் நிரம்பும். ஏறிக்கொண்டே போகிற, ஓய்வுக்கெல்லாம் அசையாத எண்ணிக்கைக்கு வழியே இல்லை. சரி, பத்துக் கட்டங்கள் வைத்து ஒவ்வொன்றாக டிக் செய்வோம், அந்த வீரர் மட்டும் லாங் ரெஸ்ட் பொத்தானைத் தொடாமல் ஹிட் பாயிண்ட் என்ற உயிர்ப்புள்ளியையும் மற்றதையும் கையாலேயே நிரப்பிக்கொள்ளட்டும் என்று பேசி வைத்துக்கொண்டோம். எட்டு மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் நள்ளிரவு தாண்டி செஷன் முடிந்தது. எல்லோரும் லாங் ரெஸ்ட் அழுத்தினார்கள். தூக்கக் கலக்கத்தில் அவரும் அழுத்திவிட்டார். பத்துக் கட்டமும் காலி.

ஏழா, எட்டா? யாருக்கும் நினைவில்லை. பழைய நிலைக்குத் திரும்பப் பொத்தான் இல்லை, என்ன மாறியது என்ற பதிவும் இல்லை. அவரே பெருந்தன்மையாக எட்டு என்று வைத்துக்கொண்டார். அப்புறம் இரண்டு செஷன் கழித்து தெய்வம் கதவைத் தட்டியது. பல மாதங்களாக நாங்கள் காத்திருந்த காட்சி அது. ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கு ஊகம் என்பது மேசையில் இருந்த ஐந்து பேருக்கும் தெரியும். எண் உண்மையாக இருந்திருந்தால் வந்திருக்கும் பதற்றம் வரவில்லை. எனக்கு இன்னும் அது மனதில் உறுத்துகிறது.

எண்ணிக்கை ஏறுமா இறங்குமா, எப்போது மீளும், உச்சத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்று கேட்கும் மூன்று கட்டங்கள் இருந்தால் போதும், இது நேர்ந்திருக்காது.

இந்த விளையாட்டு பிறந்ததே வீட்டு விதிகளில் இருந்துதான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் அச்சாவதற்கு முன்பே, அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னெசன் தன் குழுவோடு பிளாக்மூர் என்ற உலகத்தை ஆடிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு வீரரின் கதாபாத்திரம் ரத்தக் காட்டேரியாகிக் கட்டுக்கடங்காமல் போனது. அதை அடக்கத்தான் கிளெரிக் என்ற பூசாரி வகையே உருவானது. ஒரு மேசையில், ஒரு வீரருக்காக எழுதிய தீர்வு. இன்றைக்கு எந்தக் கருவியைத் திறந்தாலும் கிளெரிக் முதல் வரிசையில் இருக்கிறது. திருடன் கிளாஸ் 1974 பதிப்பில் கிடையாது. கலிஃபோர்னியாவில் ஆடிக்கொண்டிருந்த ஒரு குழுவின் யோசனையை, உருவாக்கியவர்களில் இன்னொருவரான கேரி கைகாக்ஸ் எடுத்து வளர்த்து, 1975இல் வந்த கிரேஹாக் என்ற இணைப்புப் புத்தகத்தில் சேர்த்தார். அந்த நாளில் கிளெரிக்கையோ திருடனையோ இன்றைய கருவிகளில் ஏற்ற முயன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சப்கிளாஸை மட்டும் எழுதவிட்டு, முழு கிளாஸ் எழுத வழி தராத கருவிகள் இன்றும் இருக்கின்றன. இரண்டுமே வாசலில் நின்றிருக்கும்.

‘எங்களிடம் ஹோம்ப்ரூ வசதி இருக்கிறதே’ என்று உங்களில் பலர் சொல்லலாம். இருக்கிறது. பல இடங்களில் அது பெயருக்கு ஒரு கட்டம், விளக்கத்துக்கு ஒரு பெரிய கட்டம், அவ்வளவுதான். ‘இந்தக் கேடயம் பாதி ஹிட் பாயிண்டுக்குக் கீழே போனவருக்கு மட்டும் ஆர்மர் கிளாஸ் என்ற தற்காப்பு எண்ணை இரண்டு கூட்டும்’ என்று அந்தக் கட்டத்தில் எழுதலாம். ஷீட்டில் எண் மாறாது. நினைவு வைத்துக் கூட்டுவது வீரரின் வேலை. அதிகாரப்பூர்வப் புத்தகத்தில் வரும் கேடயங்கள் பலவற்றுக்குக் கருவி தானாகக் கணக்குப் போடும். அப்படியானால் கணக்குப் போடும் திறமை உள்ளே இருக்கிறது. எங்களுக்கு மட்டும் திறந்துவிடவில்லை. உங்கள் குழு புத்தக விதிகளை எந்தத் திரையில் உள்ளிடுகிறதோ அந்தத் திரையையே எங்களுக்கும் கொடுங்கள். கடினமாக இருந்தாலும் பரவாயில்லை, கற்றுக்கொள்வோம். எண்பது பக்கம் விதி எழுதிச் சரிபார்க்கிற பொறுமை எங்களிடம் இருக்கிறது.

முடியாத காரியமும் அல்ல. ஃபவுண்ட்ரி என்ற ஆட்ட மென்பொருளில் ஒவ்வொரு விளையாட்டின் விதித்தொகுப்பும் அடிப்படை மென்பொருளின் மேல் ஏறும் தனிப் பொதிதான். யார் வேண்டுமானாலும் இன்னொன்று எழுதலாம். ரோல்20 என்ற ஆட்டத் தளத்தில் எத்தனையோ கேரக்டர் ஷீட்டுகள் ஆடுபவர்களே எழுதியவை. ஆனால் அங்கெல்லாம் நிரல் தெரிந்தவருக்குத்தான் கதவு முழுதாகத் திறக்கிறது. ஆட்டத்தை நடத்துகிற, ஆனால் நிரல் தெரியாத கேம் மாஸ்டருக்கும் அந்தக் கதவு திறக்க வேண்டும் என்பதே என் ஆசை.

திருத்தம் என்று ஒன்று இருக்கிறது. ஹோம்ப்ரூ முதல் நாளே சரியாக அமையாது. மூன்று செஷன் ஆடிப் பார்த்தால்தான் ஒரு வாளின் பலம் அதிகம் என்பது புரியும். ஒரு கருவியில் அப்படி வாளைத் திருத்தினேன், வீரரின் ஷீட்டில் பழையதே இருந்தது. நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்த்தோம். வாளில் மிச்சமிருந்த சார்ஜும் (அதன் மாயசக்தியை இன்னும் எத்தனை தடவை பயன்படுத்தலாம் என்ற எண்), அவர் வாளுக்கு வைத்திருந்த பெயரும், எழுதி வைத்திருந்த குறிப்பும் போய்விட்டன. திருத்தினால் ‘புதிய வடிவம் வந்திருக்கிறது, ஏற்கலாமா?’ என்று ஷீட் கேட்கட்டும். பழைய வடிவமும் பத்திரமாக இருக்கட்டும்.

பழைய வடிவம் என்றதும் 2024 ஆகஸ்ட் நினைவுக்கு வருகிறது. புதிய விதிகள் வரும்போது கேரக்டர் ஷீட்டில் உள்ள பழைய மந்திரங்களும் மாயப் பொருட்களும் புதிய வடிவத்துக்கு மாறிவிடும், பழையது வேண்டுவோர் ஹோம்ப்ரூவாக உருவாக்கிக்கொள்ளலாம் என்று டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அதிகாரப்பூர்வத் தளமான டி அண்ட் டி பியாண்ட் அறிவித்தது. ஆடுபவர்கள் பலமாக எதிர்த்ததும் சில நாட்களிலேயே முடிவை மாற்றிக்கொண்டார்கள், அது நல்ல காரியம். ஆனால் பழைய விதி தங்கும் இடம் ஹோம்ப்ரூதான் என்று ஒருநாள் சொல்ல நேரும் என்றால், அந்த இடம் எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

உறுதி என்பதில் ஏற்றுமதியும் அடக்கம். நான் எழுதியதை ஒரு கோப்பாக என் கணினியில் எடுத்து வைக்க முடிய வேண்டும். ஜேசன் (JSON) என்ற எளிய கோப்பு வடிவம் போதும். உங்கள் நிறுவனம் நீடூழி வாழட்டும். ஆனாலும் ஆறு வருட எழுத்தை ஒரே ஒரு கணக்கின் கடவுச்சொல்லை நம்பி விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை.

உங்கள் பக்கத்துக் கவலைகளும் புரிகின்றன. ஆட்டத்தின் சமநிலை கெடும் என்கிறீர்கள். கெட்டால் எங்கள் மேசையில்தான் கெடும், அதைச் சரிசெய்வதும் எங்கள் பாடு. பதிப்புரிமைச் சிக்கல் உண்மையானது. புத்தகத்தை அப்படியே தட்டச்சு செய்து பொதுவில் போடுபவர்கள் இருக்கிறார்கள். பொதுவில் வெளியிடுவதற்குக் கட்டுப்பாடு வையுங்கள், நியாயம். ஐந்து பேர் மட்டும் பார்க்கும் தனிப்பட்ட கேம்பெயினுக்கும் அதே பூட்டு எதற்கு? 2023 ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1 கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது. பெயரைக் குறிப்பிட்டுவிட்டு அதன்மேல் யாரும் கட்டலாம் என்றான பிறகு, எங்களுக்கு நிலம் இருக்கிறது. வேண்டியது கருவிதான்.

கடன்காரனின் அரைப் பக்க விதியை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். உங்கள் அடுத்த வடிவம் தயாரானதும் குழுவில் ஒருவரை உட்கார வைத்து, விளக்கக் கட்டத்தைத் தொடாமல் அதை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கடனை ஏழு வரை ஏற்றிவிட்டு லாங் ரெஸ்ட் அழுத்திப் பார்க்கட்டும். ஏழு அப்படியே நின்றால் ஒரு வரி எழுதிப் போடுங்கள். அன்றே எங்கள் கேம்பெயினை அங்கே மாற்றிக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஒரு கேம் மாஸ்டர்