மூட் பாயின்ட்

கொலம்பஸ், ஒஹாயோ
ஜனவரி 18

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி இன்னும் கால் டப்பா இருக்கிறது. வாசலில் முழங்கால் அளவு பனி. துணி காயப்போட மொட்டைமாடி இல்லையே என்பதுதான் பெரிய குறை.

நீ காலேஜில் மூட் கோர்ட் (moot court), அதாவது கற்பனை வழக்கில் வாதாடும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருப்பதாக அப்பா சொன்னார். அந்த 'மூட்' போன வாரம் என் மானத்தை வாங்கிவிட்டது. ஆபீஸ் மீட்டிங்கில், பழைய சர்வரை மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டேன். மேனேஜர் 'தட்ஸ் எ மூட் பாயின்ட்' என்றார். நாம் படித்த இங்கிலீஷில் அது விவாதத்துக்குரிய விஷயம். சரி, பேசத்தான் சொல்கிறார் என்று பத்து நிமிடம் பொளந்து கட்டினேன். யாரும் வாயே திறக்கவில்லை. அப்புறம் பக்கத்து சீட்காரர் காதோடு சொன்னார்: புது சர்வருக்கு ஆர்டர் போய் ஒரு மாதமாகிறதாம். இங்கே மூட் என்றால் 'இனிப் பேசிப் பயனில்லை'!

அன்று ராத்திரி அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன். பழைய ஆங்கிலத்தில் கூட்டம் கூடுவதற்கு மோட் என்று பெயர். பிறகு லண்டனில் இன்ஸ் ஆஃப் கோர்ட் என்ற வக்கீல் சங்கங்களில் சட்டம் படித்த பிள்ளைகள் கற்பனை வழக்கை வைத்து வாதாடிப் பழகியதும் மூட் ஆனது. பிரிட்டிஷ்காரர்கள் அதில் வாதத்தைப் பிடித்துக்கொண்டார்கள், அமெரிக்கர்கள் கற்பனையைப் பிடித்துக்கொண்டார்கள். கற்பனை வழக்கில் யார் ஜெயித்தால் என்ன?

உனக்கு உதவும், ஒரு வழக்கு சொல்கிறேன். டிஃபூனிஸ் என்பவர், வாஷிங்டன் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் இடம் கிடைக்காததால் 1971-இல் வழக்குப் போட்டு, கீழ்க்கோர்ட் உத்தரவோடு சேர்ந்தார். 1974-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் முடிவு சொல்லும்போது கடைசிப் பருவத்தில் இருந்தார். எப்படியும் படித்து முடிக்கப்போகிறார், ஆகவே மூட் என்று 5 பேர் சொல்ல, 4 பேர் மறுத்தார்கள். எனக்கென்னவோ அந்த 5 பேர் நழுவிவிட்டதாகத்தான் படுகிறது. அப்பாவைக் கேட்டால், தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன என்பார்.

மேடையில் 'மியூட்' என்று சொல்லிவிடாதே. இங்கேயே பலர் அப்படிச் சொல்கிறார்கள். வீட்டில் சண்டை மூட்டுவாயே, அந்த மூட்டு என்று ஞாபகம் வைத்துக்கொள்.

பொங்கலுக்கு வருவாயா என்று அம்மா கேட்டிருந்தாள். டிக்கெட் விலைக்குப் பயந்து பதில் போடாமலே இருந்துவிட்டேன். இப்போது அது அமெரிக்க மூட். சித்திரைக்கு வருவேனா என்பது மட்டும் இன்னும் பிரிட்டிஷ் மூட்தான், அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்