வேம்படிக்குச் சிமெண்ட் கல் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

மர நிழலில் புல் வளராது, சிமெண்ட் கல் பதித்துவிடுவதுதான் வழி என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். மற்ற ஊர்களுக்கு அது சரியாக இருக்கலாம். உச்சிப்புளி மாதிரி மணல் பூமியில், கொஞ்சம் ஆழம் போனாலே உப்புத்தண்ணீர் வந்துவிடும் இடத்தில், ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழை மணலில் இறங்கினால்தான் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியும். அதைப் போய்க் கல் போட்டு மூடுவதா?

எங்கள் வேம்படியில் நானும் முதலில் கொரியன் புல்தான் பதித்தேன். இரண்டே மாதத்தில் வழுக்கை. அப்புறம் நர்சரிக்காரர் ஒருவர் சொல்லி மாண்டோ புல் வைத்தேன். பெயர்தான் புல், உண்மையில் நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். ஜப்பான், சீனா பக்கத்துச் செடி, வருடம் முழுக்கக் கரும்பச்சையாக நிற்கும், ஒரு சாண் உயரம்தான், வெட்டிவிடுகிற வேலையும் இல்லை. பார்க்கக் கோரை மாதிரி இருப்பதால் எங்கள் அப்பத்தா "கோரை மண்டிக் கிடக்கு" என்று பாதியைப் பிடுங்கி வேலியோரம் எறிந்துவிட்டார், நான் பொறுக்கி வந்து திரும்ப நட்டதில் முக்கால்வாசி பிழைத்துக்கொண்டது.

வெறும் மணலில் வைக்காதீர்கள். கண்மாய் வண்டலும் மக்கிய ஆட்டுப் புழுக்கையும் கலந்து, மழை தொடங்கியதும் தூரைப் பிரித்து வேரோடு 15 செ.மீ. இடைவெளியில் நட்டால் போதும். தண்ணீர்தான் விஷயம். ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்க மனசு வராமல் ஊற்றினேன், நுனியெல்லாம் கருகிவிட்டது, கிணற்று உப்பைவிட அதில்தான் உப்பு கூடுதல் என்பது அப்போதுதான் உறைத்தது. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வைத்த குழாயைத் தொட்டியில் திருப்பிவிட்டு இப்போது அந்தத் தண்ணீர்தான் கோடையில் ஊற்றுகிறேன்.

அவசரக்காரர்களுக்கு இது ஆகாது. எனக்குத் தரை மூட இரண்டு வருடம் ஆனது. பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடத்திலும் வேண்டாம், மிதி தாங்காது. நடைபாதைக்கு மட்டும் நாலு பலகைக்கல்லை இடைவெளி விட்டுப் போட்டிருக்கிறேன்.

அடுத்த முறை கல் பதிக்கச் சொல்லி எழுதும்போது, கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது பொருந்தாது என்று ஒரு வரியாவது சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், உச்சிப்புளி