"கட்டத் தவறினால் மேலும் 6 மாதம்"

ஆசிரியருக்கு வணக்கம்,

கோர்ட் செய்தின்னா கடைசியில ஒரு வரி கண்டிப்பா போடுறீங்க, அபராதம் கட்டத் தவறினால் மேலும் 6 மாதம் சிறைன்னு. அந்த வரிய நானும் வருஷக்கணக்கா படிச்சுட்டு பக்கத்த திருப்பினவன்தான், எங்க சொந்தத்துல ஒருத்தர் மாட்டுறவரைக்கும்.

அவர் மெயின் தண்டனைய முடிச்சிட்டார், ஃபைன் கட்டலன்னு வெளிய விடல. வீட்டுல நகைய அடகு வெச்சு பாதி காசு சேர்த்துட்டாங்க, மீதியும் சேரட்டும் மொத்தமா கட்டிடலாம்னு அத பீரோவுலயே வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க. பாதி கட்டினாலும் அதுக்கேத்த மாதிரி நாள் குறையும்னு ஒருத்தரும் சொல்லல, வக்கீல் உட்பட. சட்டத்துல தெளிவா இருக்குங்க, ஐபிசிக்கு பதிலா வந்த புது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 8வது பிரிவு, பழைய ஐபிசிலயும் இருந்ததுதான். கணக்கே போட்டு காட்டியிருக்கான்: ஃபைன் 1,000 ரூபா, கட்டலன்னா 4 மாசம், முதல் மாசம் முடியறதுக்குள்ள 750 ரூபா கட்டிட்டா அந்த மாசம் முடிஞ்சதும் ஆள விட்டுடணும். மொத்தத்தையும் கட்டினா கட்டின உடனே அந்த ஜெயில் முடிஞ்சுது.

விசாரணையப்போ உள்ள இருந்த நாளையும் இதுல கழிச்சுக்கலாம்னு நம்பியிருந்தோம், அதுவும் கிடையாதாம், அது மெயின் தண்டனைக்கு மட்டும்தான்.

வெறும் ஃபைன் மட்டும் போட்ட கேஸ்னா 30 நாள் டைம், இல்ல ரெண்டு மூணு தவணைன்னு கோர்ட் குடுக்கலாம், ஆனா வாயத் திறந்து கேக்கணும். 2023ல மத்திய அரசு ஏழைக் கைதிங்களுக்காக ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு, ஃபைன் கட்ட 25,000 ரூபா வரைக்கும் உதவி, மாவட்டக் கமிட்டி பாத்து முடிவு பண்ணும். இது இருக்கிறதே எங்களுக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது.

இன்னொரு பக்கம், உள்ள போயிட்டு வந்துட்டா ஃபைன் கழிஞ்சிடும்னு தெம்பா பேசுறவங்களும் இருக்காங்க. பெரும்பாலும் கழியும்தான், ஆனா அந்த ஃபைன்ல இருந்து பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு குடுக்கச் சொல்லியிருந்தாலோ, கோர்ட் தனியா காரணம் எழுதி வெச்சாலோ அப்பவும் ஜப்தி வரலாம், கலெக்டர் மூலமா நிலவரி பாக்கி மாதிரியே வசூல் பண்ணலாம். தீர்ப்புல இருந்து 6 வருஷம் வரைக்கும் டைம் இருக்கு, சிறைத் தண்டனை அதவிட நீளம்னா அது முடியறவரைக்கும். ஆள் செத்துட்டாக்கூட அவர் சொத்து தப்பாது.

எங்காளு அந்த 6 மாசத்தையும் முழுசா இருந்துட்டுத்தான் வந்தார், சேத்து வெச்ச காசு வட்டிக்கே போச்சு. தீர்ப்பு சொல்ற அன்னைக்கே இதையெல்லாம் தமிழ்ல ஒரு பேப்பர்ல அடிச்சு வீட்டு ஆளுங்க கையில குடுத்தா கோர்ட்டுக்கு என்ன செலவு ஆகிடப் போகுது? நீங்களும் அடுத்த தடவ அந்த வரிய போடும்போது, பாதி கட்டினாலும் நாள் குறையும்னு கூட ஒரு வரி சேத்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்