அயர்ன் மெய்டன்: 2000-க்குப் பிறகு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். எண்பதுகளின் பாட்டெல்லாம் பேஸ் கிடாரில் வாசித்துப் பார்த்தாயிற்று, பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனில் அடுத்து எது என்று கேட்டிருந்தாய். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 1999-இல் பாடகர் புரூஸ் டிக்கின்சனும் கிடார்காரர் ஏட்ரியன் ஸ்மித்தும் குழுவுக்குத் திரும்பி வந்தார்கள். டேவ் மர்ரி, யானிக் கெர்ஸோடு சேர்த்துக் கிடார் மூன்றானது. 2000 முதல் 2021 வரை ஆறு ஆல்பம். அவற்றில் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக, வந்தவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'எல் டொராடோ' கிராமி வாங்கியதுதான். ஆனால் அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு முன்னால் அது உறைபோடக் காணாது. இந்தக் காலத்து மெய்டனின் பலமெல்லாம் எட்டு நிமிடத்துக்கு மேல் போகிற பாட்டுகளில்தான்.

போனில் ஷஃபிளையும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடு. இந்தப் பாட்டுகள் பல தனி பேஸிலோ சன்னமான கிடாரிலோ தொடங்குகின்றன; முந்தைய பாட்டின் வால் அதன்மேல் ஏறினால் தொடக்கமே போய்விடும். சத்தத்தைச் சமப்படுத்தும் அமைப்பும் வேண்டாம்.

முதலில் 'பிளட் பிரதர்ஸ்' (2000). மெய்டனின் பேஸ்காரர் ஸ்டீவ் ஹாரிஸ் தன் அப்பாவின் மறைவுக்குப் பின் எழுதியது. திஸ்ர நடை, 'தகிட தகிட' என்று எண்ணிக்கொண்டே வாசி, கை தானாக உட்கார்ந்துவிடும். வேகம் கூட்டத் தோன்றும், கூட்டாதே.

அடுத்தது 'பாஷண்டேல்' (2003). 1917-இல் பெல்ஜியத்தின் சேற்றில் நடந்த போர். பெரும்பகுதி ஏட்ரியனின் கை, எட்டரை நிமிடம். சன்னமான தட்டலில் தொடங்கிச் சட்டென்று மொத்த வாத்தியமும் விழுகிற இடத்தில்தான் புதிதாக வாசிப்பவர்கள் தாளத்தை விடுகிறார்கள். டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்னின் ஹை-ஹாட்டை (ஜோடித் தட்டு) காதில் பிடித்துக்கொள், தப்பிக்கலாம். அவர் ஒற்றைப் பெடல்காரர், பெரிய டிரம்மை ஒரே காலால் அடிப்பவர். இதே ஆல்பத்தின் 'ஃபேஸ் இன் த சேண்ட்' மட்டும் விதிவிலக்கு, அதில் இரட்டைப் பெடல். இந்த ஆல்பத்தின் ஒலி கொஞ்சம் காதைக் குத்தும். ட்ரெபிளை, அதாவது உச்ச ஒலியை, 2 டெசிபல் இறக்கு.

2006-இன் 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' நேர்மாறு. மாஸ்டரிங், அதாவது ஒலியைக் கடைசியாகச் சீர்செய்து சத்தம் ஏற்றுகிற வேலை, செய்யாமலே வெளியிட்டார்கள், அதனால் மற்றவற்றைவிடச் சத்தம் கம்மியாகத் தெரியும். பேஸ் பூஸ்ட் போட்டுக் கெடுக்காதே, வால்யூமை ஏற்று, போதும். அந்த ஆண்டு மேடையில் ஆல்பம் முழுவதையும் வரிசையாக வாசித்தார்கள். பழைய பாட்டுக்காக வந்த கூட்டத்தில் முணுமுணுப்பும் இருந்தது. என் கணக்கில் இந்த ஆறில் இதுதான் முதலிடம். 'ஃபார் த கிரேட்டர் குட் ஆஃப் காட்', 'பிரைட்டர் தேன் எ தௌசண்ட் சன்ஸ்' இரண்டையும் ஒரே மூச்சில் கேள்.

மேலே சொன்ன கடைசிப் பாட்டு 'வென் த வைல்ட் விண்ட் ப்ளோஸ்' (2010), 11 நிமிடம். ரேமண்ட் பிரிக்ஸின் படக்கதையை ஒட்டியது. அணுகுண்டு விழப்போகிறது என்று பயந்து ஒளியும் வயதான தம்பதி. முடிவைப் பாட்டு மாற்றிவிட்டது, அதை நீயே கேட்டுத் தெரிந்துகொள். மெட்டு கிட்டத்தட்டத் தாலாட்டு மாதிரி போகும், அதனால்தான் அடி பலமாக விழுகிறது.

2015-இன் 'த புக் ஆஃப் சோல்ஸ்' இரட்டை ஆல்பம். நாக்கில் கட்டியோடேயே புரூஸ் பாடி முடித்தார். 'இஃப் எடர்னிட்டி ஷுட் ஃபெயில்' வாசிக்க கிடாரை ட்ராப் டி-க்கு இறக்க வேண்டும், அதாவது தடித்த கம்பியை மட்டும் ஈ-யிலிருந்து டி-க்கு. 'த ரெட் அண்ட் த பிளாக்' தொடக்கத்தில் ஹாரிஸ் பேஸிலேயே கார்டு (பல சுரம் ஒன்றாக) வாசிப்பது உனக்கு நல்ல பாடம். ஆனால் பாட்டு மூன்று நிமிடம் அதிகம்.

அதே ஆல்பத்தின் 'எம்பயர் ஆஃப் த கிளவுட்ஸ்' 18 நிமிடம், பியானோவும் புரூஸே. 1930 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து அன்றைய இந்தியாவின் கராச்சிக்குப் புறப்பட்ட ஆர்101 ஆகாயக்கப்பல் பிரான்ஸில் விழுந்து 54 பேரில் 48 பேர் இறந்த கதை. நடுவே எஸ்ஓஎஸ் தந்திக் குறியீடு தாளமாகவே வரும்: மூன்று குறில், மூன்று நெடில், மூன்று குறில். அதைக் காது பிடிக்கும்வரை வேறு வேலை வைத்துக்கொள்ளாதே.

2021-இன் 'செஞ்சுட்சு'வில் 'ஹெல் ஆன் எர்த்' போதும்.

இனி உன் கை விஷயம். மெய்டனின் அடையாளத் தாளமான குதிரையோட்டம் என்பது ஒரு நீளம், இரண்டு குட்டை: 'தா தக, தா தக'. வேகம் கூடினால் அது எல்லோருக்கும் 'தகிட'வாகச் சரிந்துவிடும், ஏனென்றால் களைத்த விரல் மூன்றையும் சம நீளமாக்கிவிடுகிறது. தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 தட்டில் வைத்து, சரிந்தால் 5 குறை, நின்றால் 5 கூட்டு. ஹாரிஸ் பிக் (கம்பி மீட்டும் வில்லை) பிடிப்பதில்லை, இரண்டே விரல்.

அவர் போடுவது ரோட்டோசவுண்ட் ஃப்ளாட்வௌண்ட் (மேல்சுற்று தட்டையான) கம்பி, தடிமன் ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில் 50-75-95-110. உன்னுடையது 45-105 செட். மாற்றினால் இழுவை கூடிக் கழுத்து முன்னால் வளையும், கம்பி உயரும். கழுத்துக்குள் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் இறுக்காதே, ஒரு நாள் விட்டுப் பார். 110 கம்பி நட்டின் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) பள்ளத்தில் உட்காரவில்லை என்றால் நீ அரம் போடாதே, கடையில் கொடு. கம்பியை வெட்டும் முன் வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் செங்குத்தாக மடக்கு, இல்லாவிட்டால் மேல்சுற்று அவிழ்ந்து கம்பியே வீணாகும்.

அன்புடன்,
அப்பா