சாவி மட்டும் கைமாறினால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓய்வுபெறும் ஆசிரியர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நெகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் பள்ளி நூலகரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லையே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் தம்பி எட்டாம் வகுப்பு வரை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். சின்னப் பிள்ளைகள் படிக்கும் படக்கதையைக் கையில் எடுக்க வெட்கம், வகுப்புப் பையன்கள் கேலி செய்வார்கள். எங்கள் நூலக டீச்சர் இதை எப்படியோ கவனித்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் போனால் அந்த அலமாரியில் இருந்த அத்தனை புத்தகத்துக்கும் ஒரே மாதிரி காக்கி அட்டை போட்டிருந்தார், எது சின்னப் பிள்ளைகள் கதை, எது பெரியவர்கள் நாவல் என்று வெளியே யாருக்கும் தெரியாது. "கொண்டு போப்பா, பிடிக்கலைன்னா நாளைக்கே திருப்பிக் கொடு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த வருடம்தான் தம்பி முதன்முதலாக ஒரு புத்தகத்தை முழுசாகப் படித்து முடித்தான்.

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-லேயே விதியாக எழுதி வைத்தார். நூலகவியல் படிப்பவர்கள் தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்வார்கள். நான் அதை அந்தக் காக்கி அட்டையில்தான் பார்த்தேன்.

டீச்சரின் அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். மதியம் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி, அம்மாவுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு அடுத்த மணிக்குள் திரும்பிவிடுவார். அந்த இடைவெளியில் வழங்கல் பதிவேட்டை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வோம். 398 என்றால் நாட்டுப்புறக் கதை, 520 என்றால் வானியல் என்று, புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்க உதவும் டூயி தசமப் பகுப்பு எண்கள் எனக்கு இன்றும் மறக்கவில்லை. சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் விண்ணப்பப் படிவத்தோடு அவரைத் தேடி வருவார்கள். நிரப்பிக் கொடுத்ததோடு விடமாட்டார், கைநாட்டு வைக்க வந்தவர்களை உட்காரவைத்துக் கையெழுத்துப் போடப் பழக்கி அனுப்புவார். அப்படிப் பழகியவர்களில் என் பாட்டியும் ஒருவர்.

அவர் ஓய்வுபெற்றதும் வேறு நூலகரைப் போடவில்லை. நூலகச் சாவி வேறொரு ஆசிரியரிடம் போனது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, வகுப்புக்கு வகுப்பு ஓடுகிறவர் இதற்கு எங்கே நேரம் ஒதுக்குவார்? அதே பள்ளியில் படிக்கும் என் மகள் இந்த வருடம் இதுவரை ஒரு புத்தகம்கூட வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. நூலகர் வேலை என்பது கதவைத் திறந்து மூடுவது இல்லை, எந்தப் பிள்ளை எந்தப் புத்தகத்துக்குத் தயங்கி நிற்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது. அதற்கு முழுநேரமும் அங்கேயே ஓர் ஆள் வேண்டும். அந்தப் பணியிடத்தை நிரப்புங்கள் என்று உங்கள் பத்திரிகையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் டீச்சரைப் பார்க்கப் போயிருந்தேன். நலம் விசாரித்து முடிக்கக்கூட விடவில்லை. "கீழ்த்தட்டுப் புத்தகத்தை எல்லாம் யாராவது வெயிலில் எடுத்துப் போட்டார்களாம்மா? அந்தச் சுவரில் கரையான் வரும்" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி