வீடியோ கேம் விமர்சனத்தில் விளையாடுபவரின் மறதிக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். புதிய திரைப்படங்களையும் நூல்களையும் பற்றித் தாங்கள் வெளியிடும் விமர்சனங்களைப் படித்துவிட்டுத்தான் எதைப் பார்ப்பது, எதைப் படிப்பது என்று முடிவு செய்கிறேன். ஆனால் அந்தப் பக்கங்களில் வீடியோ கேம்களுக்கு இடம் கிடைப்பதில்லை. அவை வணிகப் பக்கத்தில் விற்பனைக் கணக்காகவோ, உள்பக்கங்களில் அடிமைத்தனத்தைப் பற்றிய எச்சரிக்கையாகவோதான் வருகின்றன. எச்சரிக்கையை நான் மறுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் கேம் விளையாடும் கோளாறும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் கட்டுப்பாட்டை இழப்பது, வாழ்க்கையின் மற்ற வேலைகளைவிட விளையாட்டையே முதன்மையாகக் கருதுவது, தீங்கு நேர்ந்தும் தொடர்வது ஆகியவை பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களாவது காணப்பட வேண்டும் என்று அதே பட்டியல் வரையறுக்கிறது. அந்த வரையறைக்குள் வராத, மாலையில் சிறிது நேரம் விளையாடிவிட்டு உறங்கப் போகும் என்னைப் போன்றவர்களுக்காக யாரும் எழுதுவதில்லை என்பதுதான் என் குறை.

நான் தேர்ந்த ஆட்டக்காரன் அல்லன். வேலையும் வீட்டுக் கடமைகளும் முடிந்த பிறகு, வாரத்தில் மூன்று அல்லது நான்கு இரவுகள், ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் விளையாடுவேன். சில சமயம் இரண்டு வாரங்கள் தொட முடியாமலே போய்விடும். இப்படிக் கடந்த ஓராண்டில் எட்டு கேம்களைத் தொடங்கினேன், நான்கை முடித்தேன், இரண்டை இன்னும் விளையாடி வருகிறேன், இரண்டைக் கைவிட்டேன். பெரும்பாலானவை வெளியாகிச் சில ஆண்டுகள் ஆனவைதான். நேரம் குறைந்தவர்களிடம் எந்தக் கேமும் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. இந்த எட்டையும் விளையாடியபோது எனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. எப்போதாவது விளையாடுபவருக்குக் கேமின் கடினத்தைவிடப் பெரிய தடை அவருடைய மறதிதான். நேற்று விட்ட இடம் நினைவில் இல்லாதவரை ஒரு கேம் எப்படி மீண்டும் உள்ளே அழைத்துக்கொள்கிறது என்பதை வைத்தே அதை நான் எடைபோடுகிறேன்.

2019-இல் வெளியான ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ இந்த வகையில் என்னை மிகவும் ஆட்கொண்டது. மரத்தால் செய்தது போன்ற ஒரு சிறு விண்கலத்தில் ஏறி, சின்னஞ்சிறிய ஒரு சூரியக் குடும்பத்தைச் சுற்றிப் பார்க்கிறோம். ஏறத்தாழ இருபத்திரண்டு நிமிடங்களில் அதன் சூரியன் வெடித்துவிடுகிறது. நாம் மீண்டும் தொடக்கத்தில், அதே தீமூட்டத்தின் அருகே, கண்விழிக்கிறோம். அந்த இருபத்திரண்டு நிமிடங்களில் ஒவ்வொரு கோளும் தன் போக்கில் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டைக் கோள்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மணல் தூணாகப் பாய்கிறது. நேரம் செல்லச் செல்ல ஒரு கோளின் குகைகள் மணலால் மூடப்பட, மற்றதில் புதைந்திருந்த கட்டடங்கள் ஒவ்வொன்றாக வெளியே தெரிகின்றன. ஆகவே ஓர் இடத்துக்கு எப்படிப் போவது என்று மட்டுமல்லாமல், எந்த நிமிடத்தில் போவது என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. இதில் நம் கதாபாத்திரத்துக்கு வலிமை கூடுவதில்லை, புதிய ஆயுதம் எதுவும் கிடைப்பதில்லை. ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கு நாம் எடுத்துச் செல்வது அறிந்துகொண்ட செய்திகளை மட்டும்தான். அந்தச் செய்திகளை விண்கலத்தின் கணினி தானாகவே குறித்துவைத்து, எது எதோடு தொடர்புடையது என்பதைக் கோடுகளால் இணைத்துக் காட்டுகிறது. எந்த இடத்தில் இன்னும் பார்க்க வேண்டியது மிச்சமிருக்கிறது என்பதையும் சொல்கிறது. பதினாறு நாள்கள் கழித்து நான் திரும்பி வந்தபோது, அந்தக் குறிப்பேட்டை ஐந்து நிமிடங்கள் படித்ததும் எல்லாம் மீண்டும் நினைவுக்கு வந்துவிட்டது. ஓரிரவில் இரண்டு சுற்றுகள் என்ற கணக்கு எனக்காகவே வகுத்ததுபோல் இருந்தது. ஒவ்வோர் இரவும் நான் எதையாவது புதிதாகத் தெரிந்துகொண்டுதான் எழுந்தேன். அதற்கு மேல் அந்தக் கேமைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். அதன் இன்பம் முழுவதும் கண்டுபிடிப்பதில் இருப்பதால், முன்கூட்டிச் சொல்வது மற்றவருக்குச் செய்யும் கெடுதல்.

லூகஸ் போப் உருவாக்கி 2018-இல் வெளியிட்ட ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ இதற்கு நெருங்கிய உறவு என்று சொல்லலாம். 1802-இல் லண்டனிலிருந்து புறப்பட்டுக் காணாமல் போன ஒரு வணிகக் கப்பல், 1807-இல் ஆளில்லாமல் துறைமுகத்துக்கு மிதந்து வருகிறது. அதில் இருந்த அறுபது பேருக்கும் என்ன நேர்ந்தது என்பதைக் கண்டறிய, கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக நாம் கப்பலில் ஏறுகிறோம். கையில் ஒரு கடிகாரம். ஓர் உடலின் அருகே அதைத் திறந்தால், அந்த மனிதர் இறந்த கணத்துக்குள் நுழைந்துவிடலாம். முதலில் இருட்டில் குரல்கள் மட்டும் கேட்கின்றன; பிறகு உறைந்துபோன ஒரு காட்சி விரிகிறது. பழைய கணினித் திரையைப் போல இரண்டே நிறங்களில் வரையப்பட்ட அந்தக் காட்சிகளில் நடந்து, யார் யார், எப்படி இறந்தார்கள், யாரால் இறந்தார்கள் என்று ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும். மூன்று பேருடைய விவரங்கள் சரியாக அமைந்தால்தான் கேம் அவற்றை உறுதிசெய்கிறது என்பதால், குருட்டாம்போக்கில் ஊகித்துக் கடந்துவிட முடிவதில்லை. ஒரு மாலுமியின் பெயரை அவருடைய தூளிப் படுக்கையில் இருந்த எண்ணைப் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்த இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை. நாற்பது நிமிடங்களில் ஒரே ஒரு பெயரைத்தான் எழுதினேன், ஆனால் நிறைவோடு உறங்கினேன். இதிலும் அந்தப் புத்தகம்தான் நம் நினைவாக இருக்கிறது. குறை ஒன்று உண்டு. பார்த்த காட்சியை மறுபடி பார்க்க விரும்பினால், ஒவ்வொரு முறையும் அந்த உடல் கிடந்த இடத்துக்கே நடந்து போக வேண்டும். முக்கால் மணி நேரம் மட்டும் உள்ளவர் அதில் பத்து நிமிடங்களை இழந்துவிடுகிறார்.

மூளைக்கு மறதி இருப்பதுபோல விரல்களுக்கும் உண்டு. 2018-இன் ‘செலஸ்ட்’ அதை அறிந்து வைத்திருக்கிறது. மேடலின் என்ற பெண் ஒரு மலையின் உச்சிக்கு ஏறுகிறாள். குதிப்பது, காற்றில் ஒருமுறை பாய்வது, சுவரைப் பற்றி ஏறுவது ஆகிய மூன்றே செயல்கள். ஆனால் அவற்றைக் கோக்கும் விதம் மிகக் கடினமானது. நான் உச்சியை அடைவதற்குள் இரண்டாயிரம் முறைக்கு மேல் விழுந்தேன். அவ்வளவு விழுந்தும் சலிக்கவில்லை. காரணம், ஒவ்வொரு திரையும் தனி அறைபோல அமைந்திருக்கிறது; விழுந்த நொடியிலேயே அந்த அறையின் வாசலில் மீண்டும் நிற்கிறோம். பத்து நாள்கள் கழித்து வந்து விரல்கள் தடுமாறினாலும், மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியது ஒரு திரை அளவுதான். அதற்கும் முடியாதவர்களுக்கு உதவி முறை என்று ஒன்று இருக்கிறது. அதில் கேமின் வேகத்தைப் பாதிவரை படிப்படியாகக் குறைத்துக்கொள்ளலாம். கடைசி அத்தியாயத்தில் சில அறைகளை நான் எண்பது விழுக்காடு வேகத்தில்தான் கடந்தேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. வேகத்தைக் குறைத்திராவிட்டால் அந்த மலையின் உச்சியை நான் பார்த்திருக்கவே மாட்டேன். மேடலினுடைய அச்சமும் அவள் அதனோடு சமாதானம் செய்துகொள்ளும் விதமும் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

‘ஹேடீஸ்’ வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. 2018 இறுதியிலிருந்து விளையாடுபவர்களின் கருத்துகளைக் கேட்டுக் கேட்டுச் செப்பனிட்டு, 2020 செப்டம்பரில் முழுமையாக வெளியிட்டார்கள். பாதாள உலகிலிருந்து தப்பிக்க முயலும் இளவரசன் சாக்ரியஸ் ஒவ்வொரு முறை இறக்கும்போதும் தன் வீட்டுக்கே திரும்பி வருகிறான். அங்கிருப்பவர்கள் அவன் எங்கே, எப்படித் தோற்றான் என்பதை வைத்தே பேசுகிறார்கள். ஆகவே தோல்வியிலும் கதை நகர்கிறது, தோற்ற இரவு வீணான இரவாகத் தோன்றுவதில்லை. ஒவ்வொரு முயற்சியும் புதிதாகத் தொடங்குவதால் நினைவில் சுமக்க வேண்டியதும் குறைவு. இறை முறை என்ற அமைப்பைத் தேர்ந்துகொண்டால், முதலில் எதிரிகளின் தாக்குதலில் இருபது விழுக்காடு குறையும். பிறகு ஒவ்வோர் இறப்புக்கும் இரண்டு விழுக்காடு கூடி, எண்பது வரை போகும். தோற்பவருக்குக் கேம் கொஞ்சம் கொஞ்சமாக வழிவிடுகிறது. இதைக் குறுக்குவழி என்று இகழ்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கைவிட்ட கேமைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2022-இல் வெளியான ‘எல்டன் ரிங்’ அழகிலும் பரப்பிலும் நான் பார்த்த எல்லாவற்றையும் மிஞ்சியது. தொடக்கத்திலேயே பொன்கவசம் பூண்டு குதிரையில் உலவும் வீரனிடம் பலமுறை தோற்றபோதுகூட எனக்கு வருத்தம் இல்லை. அவனை விட்டு விலகி வேறு திசையில் போக அந்த உலகம் இடம் தருகிறது. எனக்கு ஒத்துவராதவை வேறு இரண்டு. வழக்கமான இடைநிறுத்தப் பொத்தான் அதில் இல்லை. பட்டியலைத் திறந்தாலும் எதிரி நிற்பதில்லை. உள்ளறையிலிருந்து ஒருவர் கூப்பிட்டால் எழுந்து போக வேண்டிய நிலையில் உள்ளவருக்கு இது பெரிய தடை. அதைவிடப் பெரிய தடை, நாம் சந்தித்த மனிதர்கள் என்ன கேட்டார்கள், எங்கே வரச் சொன்னார்கள் என்பதைக் குறித்துவைக்கும் குறிப்பேடும் அதில் கிடையாது. பதினைந்து மணி நேரம் விளையாடி, இடையில் மூன்று வாரங்கள் விட்டுத் திரும்பியபோது, நான் யாருக்காக எங்கே போய்க்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியவில்லை. அந்த மௌனத்தையே அதன் சிறப்பாகக் கருதுபவர்கள் பலர் இருக்கிறார்கள். தினமும் விளையாடுபவர்களுக்கு அது சிறப்புதான். ஆனால் அதைப் புகழ்ந்து நான் படித்த விமர்சனங்களில் ஒன்றாவது இதை எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

‘ஸ்டார்டியூ வேலி’யைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எரிக் பரோன் என்ற ஒருவரே நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 2016-இல் வெளியிட்ட பண்ணை விளையாட்டு அது. அதில் ஒரு நாள் என்பது ஏறத்தாழ பதினான்கு நிமிடங்கள். கணினியில் அந்த நாளை முடித்து உறங்கினால்தான் நம் உழைப்பு சேமிக்கப்படும். மூன்று நாள் உழுது விதைத்து, நான்காம் நாள் என்ன செய்வது என்று தெரிந்தே எழுந்துகொள்ளலாம்.

கைவிட்ட இன்னொன்று கைபேசிக் கேம். அதன் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. என் மறதியை அது வேறுவிதமாகப் பயன்படுத்திக்கொண்டது. ஒரு நாள் வராவிட்டால் அதுவரை சேர்த்த வருகைத் தொடர் அறுந்துபோகும் என்றது. இரவில் அறிவிப்பு அனுப்பியது. உயிர்கள் தீர்ந்தால் காத்திரு அல்லது பணம் கொடு என்றது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டிகளையும் பணத்துக்கு நீட்டியது. அப்படிப்பட்ட பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வருபவை என்று பெல்ஜியம் 2018-லேயே அறிவித்ததைப் பிறகுதான் அறிந்தேன். ஆறு வாரங்கள் விளையாடியதில் அந்தக் கேமில் எனக்குப் பிடித்த ஒரு கணத்தைக்கூட இப்போது என்னால் நினைவுகூர முடியவில்லை.

இதன் மறுபக்கமாக 2024-இல் வந்த ‘பலாட்ரோ’வைச் சொல்வேன். போக்கர் சீட்டுகளை வைத்து ஆடும் கேம் அது; ஆனால் அதில் உண்மையான பணத்தை வைத்து ஆட வழியே இல்லை, கேமுக்குள் வாங்குவதற்கும் எதுவும் இல்லை. எந்த நொடியில் மூடினாலும் விட்ட இடத்திலேயே காத்திருக்கிறது. ஆட்டத்தை மாற்றும் நூற்றைம்பது ஜோக்கர்களில் எது என்ன செய்யும் என்பது அந்தந்தச் சீட்டின் அருகிலேயே எழுதிக் காட்டப்படுவதால், எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சூதாட்டத்தின் உருவங்களைக் காட்டி அதைப் பற்றிக் கற்றுத்தருவதாகக் கருதி, ஐரோப்பாவின் வயது மதிப்பீட்டு அமைப்பான பெகி அதை 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது என்று வகைப்படுத்தி, முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் 12 என்று குறைத்தது. அதே அமைப்பிடம், உள்ளிருப்பது தெரியாத வீரர் அட்டைப் பொதிகளைப் பணத்துக்கு விற்கும் கால்பந்து கேம்கள் 3 வயது என்ற மதிப்பீட்டைப் பெற்றிருந்தன. பெற்றோர் நம்பிப் பார்க்கும் அந்த எண், ஒரு கேம் எதைக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் அளவுக்கு, அது நம்மிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்லவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப நாளிதழ் ஒன்றால் முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எனவே, வீடியோ கேம்களுக்குத் தங்கள் விமர்சனப் பக்கத்தில் மாதம் ஒருமுறையாவது இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கதை, படத்தின் தரம், இசை ஆகியவற்றோடு, ஒரே அமர்வில் எவ்வளவு நேரம் தேவை, நினைத்த இடத்தில் நிறுத்த முடியுமா, எங்கே சேமிக்கப்படுகிறது, இடைவெளிக்குப் பின் வருபவருக்கு என்ன நினைவூட்டுகிறது, வராமல் இருந்தால் தண்டிக்கிறதா என்பனவற்றையும் ஒரு பத்தியில் சேர்த்தால் போதும். அந்த விமர்சனத்தை ஒரே வாரத்தில் இடைவிடாமல் விளையாடி முடிப்பவரிடம் மட்டும் கேட்டுப் பெறாமல், பாதியில் இரண்டு வாரங்கள் விட்டுவிட்டுத் திரும்பி வந்து எழுதக்கூடிய ஒருவரிடமும் எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்